நிகழ்ச்சித் தலைவர் போகும்போது எதெல்லாம் போகிறது?

அமெரிக்காவில் பழைய படங்களைக் காட்டும் டர்னர் கிளாசிக் மூவிஸ் சேனலை இன்று கையில் வைத்திருப்பவர்களுக்கும் நாளை வைத்திருக்கப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களை வைவதற்காக இந்த மடலை எழுதவில்லை. வைய வேண்டியவர்கள் 2023 ஜூன் மாதமே ஆசைதீர வைதுவிட்டார்கள். சிக்கல் சில நாட்களில் தீர்ந்துவிட்டது என்று நீங்களும் கோப்பை மூடியிருப்பீர்கள். பார்வையாளர்களில் பலருக்கும் அப்போதே நிம்மதி வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒருவரைத் தக்கவைத்துக்கொண்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அவர் பார்த்துவந்த வேலைக்கு உங்கள் கணக்கில் என்ன மதிப்பு என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. சேனல் கைமாறும் பேச்சு எழும்போதெல்லாம் அந்தக் கேள்வி மறுபடி தலைதூக்குகிறது.

மறந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 20 அன்று வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி நிறுவனம் இந்தச் சேனலின் தலைமையை ஒரேயடியாகக் கலைத்தது. கால் நூற்றாண்டு பணியாற்றிய பொது மேலாளர் போனார். திரைப்பட விழாவை வளர்த்தெடுத்தவர், படப்பிடிப்பு அரங்கை நிர்வகித்தவர், விளம்பரப் பிரிவைக் கவனித்தவர் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கூடவே நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் சார்லஸ் டபேஷ். எந்தப் படம், எந்த இரவு, எதற்குப் பின் எது என்று முடிவு செய்தவர் அவர். சுமார் 90 பேர் இருந்த இடத்தில் 20 பேர் அளவுக்குத்தான் மிஞ்சுவார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்லின. கார்ட்டூன் சேனல்களைக் கவனித்துவந்த நிர்வாகியிடம் இந்தச் சேனலும் கூடுதல் பொறுப்பாகப் போகும் என்றார்கள்.

அடுத்த நாளே இயக்குநர்கள் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், மார்ட்டின் ஸ்கார்செஸி, பால் தாமஸ் ஆண்டர்சன் மூவரும் தலைமைச் செயல் அதிகாரி டேவிட் ஸாஸ்லாவுடன் பேசிவிட்டதாகக் கூட்டறிக்கை விட்டார்கள். சில நாட்களில் டபேஷ் நீடிப்பார் என்ற அறிவிப்பு வந்தது. படத்தேர்வின் மேற்பார்வை வார்னர் பட நிறுவனத் தலைவர்களான மைக்கேல் டி லூகா, பமேலா அப்டி ஆகியோரிடம் வந்தது. நாங்கள் கைதட்டினோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டே மாதங்களுக்கு முன், அந்த ஏப்ரலில், ஹாலிவுட்டில் சேனலின் திரைப்பட விழா தொடங்கிய இரவில் ஸ்பீல்பெர்க்கும் ஆண்டர்சனும் மேடையில் இருந்தார்கள். ‘ரியோ பிராவோ’ படத்தின் புதுப்பித்த பிரதி திரையிடப்பட்டது. ஸாஸ்லாவும் வந்திருந்து சேனலை மெச்சிப் பேசினார். மேடையில் மெச்சியதற்கும் ஜூனில் வந்த பட்டியலுக்கும் நடுவே எந்த அறையில், எந்த அட்டவணையைப் பார்த்து, யார் அந்தப் பெயர்களின் மேல் கோடு போட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கோடு போட்டவருக்கு நிகழ்ச்சித் தலைவர் காலையில் வந்து என்ன செய்கிறார் என்பது தெரிந்திருக்காது என்பது என் ஊகம். தெரிந்திருந்தால் முதலில் கைவைக்கும் இடமாக அது இருந்திருக்காது.

ஆகவே அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்வோம்.

டாஷியல் ஹேமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலை வார்னர் நிறுவனம் சுமார் பத்து ஆண்டுகளில் மூன்று முறை படமாக்கியது. முதல் படம் 1931-இல் ராய் டெல் ரூத் இயக்கியது, ரிக்கார்டோ கார்டெஸ் நடித்தது. இரண்டாவது 1936-இல் கதையைப் புரட்டிப் போட்டு, பெயர்களையெல்லாம் மாற்றி, பெட்டி டேவிஸை வைத்து எடுத்த நகைச்சுவை, ‘சேட்டன் மெட் எ லேடி’. மூன்றாவதுதான் உலகம் அறிந்தது: 1941, ஜான் ஹியூஸ்டன் இயக்கிய முதல் படம், ஹம்ஃப்ரி போகார்ட். மூன்றும் உங்கள் நூலகத்திலேயே இருப்பவை. பெரும்பாலானோர் பார்த்திருப்பது மூன்றாவதை மட்டும்.

மூன்றையும் ஒரே இரவில் போடலாம் என்று ஒருவருக்குத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோன்றுவது சுலபம். அடுக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முதல் படம் 80 நிமிடம், இரண்டாவது 74, மூன்றாவது 100. எட்டு மணிக்குத் தொடங்கினால், எட்டு மணிக்கு உட்காரும் கூட்டத்துக்கு எதைக் கொடுப்பது? போகார்ட்டைக் கொடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள், ஒன்பதே முக்காலுக்கு எழுந்து படுக்கப் போய்விடுவார்கள். கார்டெஸில் தொடங்கினால் பாதிப் பேர் ‘இது நமக்குத் தெரிந்த படம் இல்லையே’ என்று சேனலை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றாமல் இருப்பவருக்குக் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. 1934 ஜூலைக்குப் பிறகு ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. 1931 படம் அதற்கு முந்தியது. அதில் துப்பறிபவர் பெண்களோடு பழகும் விதத்தைப் பார்த்து, 1930-களின் நடுவில் மறுவெளியீட்டுக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். கையில் கதை இருக்கிறது, படத்தை வெளியிட முடியாது. நிறுவனம் அதே கதையைச் சிரிப்புப் படமாக மறுபடி எடுத்தது. சிரிப்பு எடுபடவில்லை. அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு புதிய இயக்குநர் நாவலுக்கே திரும்பிப் போனார். வரிசையாகப் பார்த்தால், தணிக்கை ஒரு கதையை என்ன செய்தது என்பது நாலேமுக்கால் மணி நேரத்தில் கண்ணெதிரே நடக்கிறது. ஒரு பாடப்புத்தகமும் இதைக் காட்ட முடியாது, விளக்கத்தான் முடியும்.

முடிவெடுத்தாயிற்று, 1931 முதலில். அதற்கு முன் தொகுப்பாளர் நாலு வார்த்தை பேசி ஆளை நாற்காலியில் நிறுத்த வேண்டும், என்ன பேச வேண்டும் என்று எழுத ஒருவர் வேண்டும். ஒன்பதரைக்கு இரண்டாவது. அது பத்தே முக்காலுக்கு முடிந்துவிடும். பதினொன்றுக்கு மூன்றாவது என்றால் நடுவில் கால் மணி நேரம் காலி. விளம்பரம் கிடையாது, ஆகவே அங்கே ஒரு குறும்படம் வேண்டும். அதே காலத்தில் அதே நிறுவனம் எடுத்த வைட்டாஃபோன் குறும்படங்களில் பத்து நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறதா, அதன் பிரதி ஒளிபரப்பும் தரத்தில் இருக்கிறதா? 1931 படம் தொலைக்காட்சிக்குப் போனபோது குழப்பம் வராமலிருக்க ‘டேஞ்சரஸ் ஃபீமேல்’ என்று பெயர் மாற்றி விற்கப்பட்டது. நம்மிடம் இருக்கும் பிரதியில் எந்தத் தலைப்பு இருக்கிறது? இத்தனைக்கும் இது மூன்றுமே சொந்தப் படமாக இருக்கும் இரவு. அதாவது சுலபமான இரவு.

இப்படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று படங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய நானூறு. மாத நட்சத்திரம் ஒருவர், ஆகஸ்டில் நாளுக்கொரு நடிகர், ஆஸ்கார் காலத்துக்குத் தனி வரிசை, ஞாயிறு நள்ளிரவில் மௌனப் படம். யாராவது காலமானால் ஓர் இரவையே கலைத்து அவருடைய படங்களை வைக்க வேண்டும். உங்கள் அட்டவணையில் இதெல்லாம் ஒரே ஒரு சம்பளமாகத் தெரிந்திருக்கும்.

சொந்தப் படங்களைவிட, பிறரிடம் உரிமை கேட்டு வாங்கிக் காட்டும் இரவல் படங்களில்தான் இந்த வேலையின் அருமை தெரியும். இந்தச் சேனலைத் தொடங்கிய டெட் டர்னர் 1986-இல் எம்.ஜி.எம். பட நிறுவனத்தை வாங்கி, கடன் கழுத்தை நெரிக்க, சில மாதங்களில் பெரும்பகுதியைத் திருப்பி விற்றார். பட நூலகத்தை மட்டும் விடவில்லை. எம்.ஜி.எம். படங்கள், 1950-க்கு முந்திய வார்னர் படங்கள், அமெரிக்க உரிமையோடு ஆர்.கே.ஓ. என்ற பழைய நிறுவனத்தின் படங்கள் என்று அது ஒரு பெருங்குவியல். அன்று எல்லோரும் அவரை ஏமாளி என்றார்கள். பிறகு அவர் கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குச் சாயம் பூச ஆரம்பித்தபோது வேறு பெயர்களில் திட்டினார்கள். (நானும் அந்தக் கட்சிதான். சாயம் பூசியவரே பின்னாளில் சாயம் பூசாமல் காட்டும் சேனலைத் தொடங்கியது அவருடைய கணக்கில் வரவு.) 1994 ஏப்ரல் 14 அன்று, நியூயார்க்கில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குச் சலனப்படம் காட்டிக் காசு வாங்கிய நாளின் நூறாவது ஆண்டில், இந்தச் சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொகுப்பாளர் ராபர்ட் ஆஸ்போர்ன் 2017-இல் மறையும்வரை அதன் முகமாக இருந்தார். முகம் எல்லோருக்கும் தெரியும். படங்களைத் தேர்ந்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் குவியலிலேயே ஆறு படங்கள் காணாமல் போயிருந்தன. ஆர்.கே.ஓ. 1930-களில் எடுத்தவை. அந்த நிறுவனத்தில் தயாரிப்புத் தலைவராக இருந்த மேரியன் கூப்பர், தமக்குச் சேர வேண்டிய பணம் ஒழுங்காகக் கணக்கிடப்படவில்லை என்று வழக்காடினார். 1946-இல் சமரசமாக, ஆறு படங்களின் உரிமை அவரிடம் போனது. பிறகு அவை கைமாறி, திரையிலும் இல்லாமல் தொலைக்காட்சியிலும் இல்லாமல் பல பத்தாண்டுகள் கிடந்தன. இந்தச் சேனலில் இருந்தவர்கள் உரிமை யாரிடம் இருக்கிறது என்று நூல் பிடித்துப் போய், பேசி வாங்கி, பிரதிகளைத் தேடினார்கள். கார்சன் கனின் இயக்கி, டால்டன் ட்ரம்போ கதைவசனம் எழுதிய ‘எ மேன் டு ரிமெம்பர்’ படத்துக்குக் கிடைத்த ஒரே பிரதி நெதர்லாந்தில் இருந்தது. படத்தின் அடியில் டச்சு மொழி எழுத்துகள் ஓடின. அவற்றை அழிக்க வழியில்லை. அப்படியே ஒளிபரப்பினார்கள். 2007 ஏப்ரலில் ஆறு படங்களும் வந்தன. அமெரிக்கப் படத்தை டச்சு எழுத்துகளோடு அமெரிக்கர்கள் பார்த்தார்கள். இந்த ஆறு படங்களால் அந்த ஆண்டு உங்கள் வருமானம் எவ்வளவு கூடியிருக்கும்? ஒரு காசுகூடக் கூடியிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அதற்குப் பணம் ஒதுக்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஏனென்றால் சிறப்புச் சேனல்கள் செத்துப்போவது எப்போதும் ஓசையில்லாமல்தான். யாரும் ‘இனி இது பழைய படச் சேனல் இல்லை’ என்று அறிவிப்பதில்லை. நிகழ்ச்சித் தலைவர் ஒருவர் விலகுகிறார். நன்றி தெரிவித்து இரண்டு பத்தியில் செய்திக்குறிப்பு வருகிறது. புதியவர் வேறு துறையிலிருந்து வருகிறார், வார இறுதியில் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார், பார்வையாளர் எண்ணிக்கை கூடுகிறது. அடுத்த ஆண்டு அதுவே வாரநாளுக்கு வருகிறது. பழைய நிகழ்ச்சி விடியற்காலைக்குப் போகிறது. ஏ.எம்.சி. சேனலின் விரிந்த பெயரே அமெரிக்கன் மூவி கிளாசிக்ஸ். 1984-இல் அது தொடங்கியபோது பழைய படங்களை வெட்டாமல், விளம்பரம் இல்லாமல் காட்டியது. முதலில் படங்களுக்கு இடையில் விளம்பரம் வந்தது, பிறகு படத்துக்கு உள்ளேயே வந்தது, அதன்பின் பழைய படங்களே தேய்ந்துபோயின. இன்று அது தொடர்களுக்குப் பெயர்பெற்ற சேனல். நல்ல தொடர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் பழைய பார்வையாளர் கேட்டது அதுவல்ல. பிராவோ சேனலும் இதே பாதைதான்: 1980-இல் கலைப் படங்களுக்கும் மேடைக் கலைகளுக்குமாகத் தொடங்கியது. ஏ அண்ட் ஈ என்ற பெயரில் உள்ள முதல் எழுத்து கலையைக் குறிப்பது. தி லேர்னிங் சேனலில் இன்று என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதை அதைப் பார்ப்பவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

அவற்றுக்காக ஸ்பீல்பெர்க் தொலைபேசியை எடுக்கவில்லை. இந்தச் சேனலுக்காக எடுத்தார். அதற்கு நன்றி சொல்லிவிட்டு, அதை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018-இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபில்ம்ஸ்ட்ரக் என்ற இணையச் சேவையை மூடினார்கள். இந்தச் சேனலும் கிரைட்டீரியன் என்ற பட வெளியீட்டு நிறுவனமும் சேர்ந்து 2016 நவம்பரில் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்குச் சற்றே கூடுதலாக ஓடியது. அப்போதும் பெரிய இயக்குநர்கள் கடிதம் எழுதினார்கள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 29 அன்று மூடப்பட்டது, மூடப்பட்டதுதான். கிரைட்டீரியன் அடுத்த ஏப்ரலில் தன் சொந்தச் சேவையைத் தொடங்கிப் பிழைத்துக்கொண்டது. ஆக, பெரிய மனிதர்களின் பரிந்துரை ஒருமுறை பலித்தது, ஒருமுறை பலிக்கவில்லை. ஒரு பதவியின் ஆயுளை இந்த விகிதத்தில் விடுவதா?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்காமல் இல்லை. 2022-இல் வார்னரும் டிஸ்கவரியும் இணைந்தபோது தலையில் ஏறிய கடன் 5,000 கோடி டாலருக்கும் மேல். கேபிள் இணைப்பை வீடுகள் ஆண்டுதோறும் துண்டித்துக்கொண்டே போகின்றன. விளம்பரமே போடாத சேனலுக்கு வருமானம் கேபிள் நிறுவனங்கள் சந்தாவிலிருந்து பிரித்துத் தரும் பங்குதான். இணைப்பு குறைந்தால் பங்கும் குறையும். எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும் என்பது புரிகிறது. நிகழ்ச்சித் தலைவர்கள் நிரந்தரம் இல்லை என்பதும் புரிகிறது. எந்த வேலையிலும் ஆள் மாறுவார், மாறவும் வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கையே இன்னும் ஓர் அடி தள்ளிப் பாருங்கள். விளம்பரம் இல்லாததால் ஒரு குறிப்பிட்ட இரவில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதால் உங்களுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. இந்தச் சேனல் தொகுப்பில் இருப்பதற்காகவே இணைப்பை விடாமல் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்பதுதான் உங்களுக்கு வரவு. 2019-இல் ஒரு பெரிய கேபிள் நிறுவனம் இந்தச் சேனலைத் தூக்கி விளையாட்டுத் தொகுப்புக்குள் வைத்தது. ஃபிரெட் அஸ்டேரின் நடனத்தைப் பார்க்கக் கால்பந்தாட்டத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிய நிலை. முணுமுணுத்துக்கொண்டே கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எதற்காகக் கட்டினார்கள்? போகார்ட் படம் வேண்டுமென்றால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கு எடுக்கலாம், ஒருமுறைச் செலவு. தாங்கள் பெயர்கூடக் கேட்டிராத படத்தை யாரோ ஒருவர் யோசித்துத் தங்கள் முன் வைப்பார் என்ற எதிர்பார்ப்புக்குத்தான் மாதாமாதம் கட்டினார்கள். நீங்கள் வெட்டப் பார்த்தது அந்த ‘யாரோ ஒருவரை’.

‘இனி நூலகத்தைக் கணினியே அடுக்கும்’ என்று உங்களிடம் யாராவது வந்து சொல்லக்கூடும். அவரிடம் அந்த மூன்று ஃபால்கன்களையும் கொடுத்துப் பாருங்கள். அதிகம் பேர் பார்த்தது 1941 படம், ஆகவே அதையே மறுபடி முன்னால் தள்ளும். 1936 படம் எல்லோரும் பாதியில் நிறுத்திய படம், ஆகவே பட்டியலின் அடியில் கிடக்கும். தோற்ற படத்தை, அது தோற்ற காரணத்துக்காகவே, வென்ற படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று எண்ணிக்கை ஒருபோதும் சொல்லாது.

இதனால் நிகழ்ச்சிப் பிரிவு செய்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அதோடு பழைய சண்டை ஒன்று உண்டு. மௌனப் படம் என்றால் ஞாயிறு நள்ளிரவு, அயல்நாட்டுப் படம் என்றால் அதற்கும் பின்னால் விடிய நாலு மணி நேரம் இருக்கும்போது. மறுநாள் வேலைக்குப் போகிறவன் எப்படிப் பார்ப்பான்? ஜப்பானிய, இந்திய, ஈரானியப் படங்களையெல்லாம் தூக்கம் வராதவர்களுக்கென்று ஒதுக்கிவைத்த ஏற்பாடு எனக்கு என்றும் பிடித்ததில்லை. பல்லாண்டுகளாக எட்டு மணி என்பது ஹாலிவுட்டுக்கு எழுதிவைத்த சொத்தாக இருக்கிறது. ஆனால் 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, உலகெங்கும் பெண்கள் இயக்கிய நூறு படங்களை வாரந்தோறும் காட்டியதும் இதே பிரிவுதான். அந்த இலையுதிர் காலத்தில் நான் பெயரே அறியாத இயக்குநர்களைத் தெரிந்துகொண்டேன். 2006-இல் தொடங்கிய ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற வெள்ளி இரவு வரிசை, நல்ல ரசனை உள்ளவர்கள் முகம் சுளிக்கும் படங்களுக்கென்றே இருந்தது. 2023 தொடக்கத்தில், அந்த ஜூனுக்கு முன்பே, சத்தமில்லாமல் நின்றுபோனது. அதற்கு ஒரு பெரிய இயக்குநரும் அறிக்கை விடவில்லை. என் சண்டையை நான் யாரோடாவது போட வேண்டுமே, அதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும். தேர்ந்தவர் ஒருவர் இருந்தால்தான் தேர்வைக் குறை சொல்ல முடியும்.

இனி நான் கேட்பவை. பெரிதாக எதுவும் இல்லை.

அடுத்தமுறை நிகழ்ச்சித் தலைவர் போகும்போது — ஓய்வு பெற்றோ, வேறு வேலை கிடைத்தோ, நீங்கள் அனுப்பியோ — அவருடைய இடத்துக்கு வருபவர் அவருக்குப் பக்கத்தில் ஓராண்டாவது உட்கார்ந்திருந்தவராக இருக்க வேண்டும். இந்த வேலையில் பாதி எங்கும் எழுதிவைக்கப்படாதது. எந்தப் படத்தின் நல்ல பிரதி எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, எந்த வாரிசு பேச்சுக்கு இறங்கி வருவார், எந்த நிறுவனத்தின் உரிமைக் காலம் எப்போது திறந்து எப்போது மூடுகிறது, எந்தப் படத்தைப் போன ஆண்டு இரண்டுமுறை காட்டிவிட்டோம் என்பதெல்லாம் ஒருவருடைய தலையில்தான் இருக்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரே பிற்பகலில் வெளியேறச் சொன்னால் அது அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடும். 2023-இல் அது நடக்கத்தான் இருந்தது.

இரவல் படங்களுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி, அதில் மேலிருந்து யாரும் கைவைக்காத ஏற்பாடு வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆளை அனுப்பினால் செய்தி வரும், அறிக்கை வரும். இரவல் பணத்தைக் குறைத்தால் ஒரு செய்தியும் வராது. பதவியில் அதே ஆள் இருப்பார், அதே புன்னகையோடு பேட்டி கொடுப்பார், சொந்த நூலகத்திலிருந்து அதே முந்நூறு படங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருப்பார். பாரமவுன்ட், கொலம்பியா, ஃபாக்ஸ் படங்கள் அடிக்கடி வராமல் போகும். ஃபாக்ஸ் நூலகம் 2019-லிருந்து டிஸ்னி கையில், அதைக் கேட்டு வாங்குவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும். ஒரு மாத நிரலை எடுத்து, அதில் வெளி நிறுவனப் படங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் எங்களில் உண்டு. நாங்கள் எண்ணுவதற்கு முன் நீங்களே ஆண்டுக்கொருமுறை சொல்லிவிடலாமே.

படத்தேர்வை யார் மேற்பார்வை செய்கிறார் என்பதும் தெளிவாக வேண்டும். 2023-இல் அதைப் பட நிறுவனத் தலைவர்களிடம் கொடுத்தீர்கள். சினிமா தெரிந்தவர்கள், அதில் குறையில்லை. ஆனால் அவர்களுடைய முழுநேர வேலை அடுத்த கோடைக்கான புதுப் படங்கள். அவர்கள் மாறினால்? நிறுவனமே பிரிந்தால், விற்கப்பட்டால், இந்தச் சேனல் நூலகத்தோடு போகுமா, கேபிள் சொத்துகளோடு போகுமா? இரண்டும் பிரிந்து வேறுவேறு கைக்குப் போனால், நேற்றுவரை சொந்தமாக இருந்த படத்துக்கு நாளை வாடகை கேட்பார்கள். வாங்கப்போகிறவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: நூலகம் யாரிடம் இருந்தாலும், அதிலிருந்து படம் எடுக்கும் உரிமை இந்தச் சேனலின் நிகழ்ச்சிப் பிரிவுக்குத் தொடர்ந்து இருக்கும் என்று. உங்கள் வழக்கறிஞர்களுக்கு அது அரைமணி நேர வேலை.

கடைசியாகச் சிறியது ஒன்று. ஒவ்வொரு படத்திலும் விளக்குப் பிடித்தவர் வரை பெயர் வருகிறது. ஓர் இரவு முழுவதையும் அமைத்தவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை. மாத நிரலை வெளியிடும்போது அதை வகுத்தவர்களின் பெயர்களையும் சேர்த்து வெளியிடுங்கள். தலைவர் பெயர் மட்டும் போதாது, உரிமை பேசியவர், பிரதி தேடியவர் எல்லோர் பெயரும். ஒரு பெயர் காணாமல் போனால் அந்த மாதமே எங்களுக்குத் தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டியிருக்காது. அது உங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம். அடுத்த மாத நிரலில் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்